கணக்கில் விட்டுப்போன சுவர்

சிம்ரன் பிறந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு சிம்ரன் பிறந்தாள். அவளுடைய அப்பா முனுசாமி சினிமாப் பைத்தியம் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். காதுக்கு நன்றாக இருந்ததால் தன் மகளுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று சிம்ரன்கள் இருந்தார்கள். கணக்கில் நூறு வாங்குகிற சிம்ரன் என்று சொன்னால்தான் இவளைத் தெரியும்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி, திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு காலனியில் அவர்கள் வீடு. முனுசாமியின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். முனுசாமி டைல்ஸ் ஒட்டுகிறவர். அவர் ஒட்டின தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அம்மா பூவம்மாளுக்கு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை. கல்யாண வீட்டார் வந்து பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். காலையில் போனால் எட்டு மணிக்குத்தான் வீடு.

வீட்டை முனுசாமி தன் கையால் கட்டினார். ஒரே அறை, பின்பக்கம் சமையலுக்கு ஒரு தடுப்பு, மேலே ஐந்து அங்குல கான்கிரீட். மேற்குச் சுவருக்கு வரும்போது செங்கல் பற்றவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாலரை அங்குல ஒற்றைச் சுவராக எழுப்பி, வெளிப்பக்கம் பூசாமல் விட்டார். பிறகு பூசிக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான். ஊரார் வீட்டு மொட்டை மாடிகளில் வெயில் தாங்குகிற வெள்ளை டைல்ஸை ஒட்டிவிட்டு வருகிறவருக்குத் தன் வீட்டு வேலைக்கு நாள் அமையவில்லை.

சிம்ரன் பி.எஸ்ஸி. இயற்பியலை ஊரிலேயே முடித்துவிட்டு, எம்.எஸ்ஸி.க்குச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். வாரநாளில் விடுதி, சனிக்கிழமை சாயங்காலம் வீடு. ஞாயிறு முழுவதும் பெரிய காஞ்சிபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். திங்கள் விடிகாலையில் பஸ். முதல் செமஸ்டரில் அவளுக்குப் படிப்பு ஒட்டவே இல்லை. வகுப்பில் மற்றவர்கள் இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். இவள் நோட்டில் இருப்பதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினாள். நின்றுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

இரண்டாம் செமஸ்டரில் எண்ணியல் முறைகள் என்று ஒரு தாள் வந்தது. எடுத்தவர் சுகாசினி மேடம். முதல் நாளே அவர் ஒரு சாவிக்கொத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஊசல் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னார். எல்லோரும் போட்டார்கள். கோணம் சிறியது என்று வைத்துக்கொண்டால் அது இரண்டு வரிக் கணக்கு. அப்புறம் சாவிக்கொத்தை நூல் கிடையாக வருகிற அளவுக்குத் தூக்கிப் பிடித்து, இப்போது போடுங்கள் என்றார். யாருக்கும் வரவில்லை. இந்த மாதிரிக் கணக்குக்குப் பள்ளிக்கூடத்து வழியில் விடை வராது என்று மேடம் சொன்னார். விடை வராவிட்டாலும் ஊசல் ஆடத்தான் செய்கிறது. ஆகவே மொத்த விடையைக் கேட்காதீர்கள்; இந்த நொடியில் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம், அதை வைத்து அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அதற்கடுத்த நொடி.

சிம்ரனுக்கு அது பிடித்துப்போயிற்று. யாரோ எப்போதோ கண்டுபிடித்த சூத்திரத்தை ஒப்பிக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், பொறுமை வேண்டும். விடுதியில் உட்கார்ந்து கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஆய்லர் முறை என்கிற அந்த நொடிக்கு நொடி வழியில் நாற்பது படி போட்டாள். ஊசல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தினதைவிட உயரமாகப் போனது. தள்ளிவிட ஆளில்லாமல் ஊசல் எப்படி உயரும் என்று மறுபடி முதலிலிருந்து போட்டாள். அப்போதும் அப்படியேதான் வந்தது. மறுநாள் நோட்டைப் பார்த்த மேடம் சிரித்தார். கூட்டலில் தப்பில்லை, முறையிலேயே இருக்கிற தப்பு அது. காலத்தை இன்னும் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும், அல்லது இதைவிட நல்ல முறைக்குப் போக வேண்டும் என்றார். "விடை ஒத்துவரலன்னா மொதல்ல நம்ம முறையைச் சந்தேகப்படணும். இயற்கையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றும் சொன்னார். சிம்ரன் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அந்தத் தாளில் அவள்தான் முதல். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. சுவரில் செருகினால் மட்டும் ஓடும். அதிலேயே பைத்தான் என்கிற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டாள். ராக்கெட்டை ஏவினாள், கிரகங்களைச் சுற்றவிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அதை முனுசாமிக்குக் காட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளிகள் திரையில் ஓடுவதைப் பார்ப்பார். ஒரு தடவை, இவ்வளவையும் யார் சொல்லிக் கொடுத்து அது செய்கிறது என்று கேட்டார். நான்தான் என்றாள். மறுநாள் சாரத்தின் மேலே நின்றுகொண்டு ஜான்சனிடம் அதைச் சொல்லியிருக்கிறார். ஜான்சன் அவரோடு இருபது வருஷமாக வேலை செய்கிறவர், எதிர்வீடு.

இரண்டாம் வருஷம் நவம்பரில், ஒரு கல்யாண மண்டபத்தின் வெளிச்சுவரில் கல் பதிக்கும்போது சாரத்தின் கட்டு நழுவி முனுசாமி கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள், எலும்பு சரியாகக் கூடவில்லை. ஜனவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். அன்று முதல் எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சிம்ரன் படிப்பை நிறுத்துகிறேன் என்று பையைக் கொண்டுவந்து வைத்தாள். முனுசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பகலும் ஒரு இரவும் சாப்பிடவில்லை. பூவம்மாள் பையை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தாள். ஜான்சன் மனைவி மரியம்மாள் மத்தியானம் ஒரு வேளை வந்து சோறு போட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அப்படித்தான் ஏற்பாடாயிற்று.

கடைசி செமஸ்டரில் திட்ட ஆய்வு உண்டு. மற்றவர்கள் நட்சத்திரம், மின்கலம் என்று எடுத்தார்கள். சிம்ரன் தன் வீட்டுக் கூரையை எடுத்தாள். கான்கிரீட்டின் மேல் வெயில் விழுகிறது; அந்தச் சூடு அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி அறைக்குள் எப்போது, எவ்வளவு வருகிறது என்று கணக்கிட வேண்டும். கூரையைப் பத்து அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது, கீழே உள்ளதற்கு எவ்வளவு கொடுக்கிறது என்று படிப்படியாகப் போட வேண்டும். முதல் தடவை பத்து நிமிஷத்துக்கு ஒரு படி என்று வைத்தாள். கூரை ஆயிரம் டிகிரிக்குப் போய், உடனே பூஜ்யத்துக்குக் கீழே ஆயிரத்துக்கு வந்தது. படியை ஒரு நிமிஷமாகக் குறைத்ததும் அடங்கியது. அவள் பயப்படவில்லை. இப்போது அவளுக்கு அந்த நோய் தெரியும், மருந்தும் தெரியும்.

சுவர்களை என்ன செய்வது என்று கேட்டபோது, முதலில் கூரையை மட்டும் பார், சுவர் வழியாக ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள், அப்புறம் சேர்க்கலாம் என்றார் மேடம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். சிம்ரனும் அப்படித் தொடங்கினாள். கூரை நன்றாக ஓட ஆரம்பித்ததும் சுவர் அவள் நினைவிலிருந்தே போய்விட்டது.

கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அறையின் உண்மையான வெப்பம் வேண்டும். பகல் முழுக்க அந்த அறையில் இருக்கிறவர் ஒருவர்தான். மார்ச் முதல் வாரத்தில் சிம்ரன் ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடி வெப்பமானியை வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முனுசாமியின் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் சாயங்காலம் ஆறு வரை, மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுத வேண்டும். தலையணைக்கு அடியில் நாற்பது பக்க நோட்டும் பேனாவும்.

கீழே விழுந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. அவர் செல்போனில் மணிக்கு மணி அலாரம் வைத்துக்கொண்டார். மரியம்மாள் சோறு கொண்டுவரும்போது அலாரம் அடித்தால், கொஞ்சம் இரும்மா என்று கையைக் காட்டிவிட்டு எழுதுவாராம். அரை டிகிரி வரைக்கும் எழுதினார். டைல்ஸ்காரர்; அளவில் அரைக்கோடு பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது.

இரண்டு வாரம் கழித்துச் சிம்ரன் நோட்டை வாங்கிப் பார்த்தாள். பத்து நாளும் ஒரே மாதிரிதான் இருந்தது. காலையில் அவள் கணக்கும் அப்பாவின் எண்ணும் ஒத்துப்போயின. மத்தியானத்துக்கு மேல் விலக ஆரம்பித்து, நான்கு மணிக்கு அவள் கணக்கில் முப்பத்தாறரை, அப்பா எழுதியது நாற்பது.

அவள் நிரலை ஒரு தடவை சரிபார்த்தாள். படியைப் பாதியாக்கிப் பார்த்தாள். விடை மாறவில்லை. ஆகவே கணக்கு சரி என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் அப்பாவிடம் போனாள்.

"எப்படிப்பா பாக்குற? படுத்துக்கினேவா?"

வேறு எப்படிப் பார்க்க முடியும் என்று அவர் கேட்கவில்லை. ஆமாம்மா என்றார்.

"படுத்துக்கினு கீழேந்து பாத்தா கோணல்ல தப்பாத்தான் தெரியும். நேரா பாக்கணும். மூணரை டிகிரி ஏத்தி எழுதியிருக்கிறப்பா. பத்து நாள் வேஸ்ட்டாப் போச்சு."

"நான் சரியாத்தாம்மா பாத்தேன்" என்றார் முனுசாமி.

கோணத்தால் வருகிற தப்பு ஒரு டிகிரிக்கு மேல் போகாது. வெப்பமானி அவர் கண்ணுக்கு நேராகத்தான் தொங்கியது, தொங்கவிட்டவளே அவள்தான். அது அவளுக்கே தெரியும். ஆனால் நிரல் ஓடிய சந்தோஷமும், ஆய்வைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிற பதற்றமும் சேர்ந்ததில் அவள் அதை யோசிக்கவில்லை. தன் கணக்கு சொல்கிற வளைகோட்டை ஒரு தாளில் அச்செடுத்து, கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். மணிவாரியாக எவ்வளவு வர வேண்டும் என்று அதில் இருந்தது. ரொம்ப வித்தியாசமாக வந்தால் இன்னொரு தடவை பார்த்து எழுது என்று சொன்னாள். வாரா வாரம் வானிலையைப் பார்த்துப் புதுத் தாள் மாற்றினாள்.

அதற்கப்புறம் நோட்டு சரியாக வந்தது. அரை டிகிரி கூட, அரை டிகிரி குறைய; கோட்டை ஒட்டியே. மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முதுகலை ஆய்வில் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை என்றார். ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளியூரில் ஒரு பெரிய நிலையத்துக்கு விண்ணப்பம் போடச் சொல்லி, பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சிம்ரன் அப்பாவுக்கு போன் பண்ணி, நீ எழுதினது எல்லாம் சூப்பராக வந்திருக்கிறது என்றாள். அவர் சிரித்த சத்தம் போனில் கேட்டது.

ஏப்ரல் பாதியில் வெயில் நாற்பதைத் தாண்டியது. ஒரு ஞாயிறு, டியூஷன் முடிந்து சிம்ரன் வந்த நேரத்தில் ஜான்சன் வீட்டுக்கு வந்திருந்தார். காலனி சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஹால் இருக்கிறது, மேலே ஓடு, சுற்றிலும் வேப்பமரம். பகலில் பூட்டித்தான் கிடக்கிறது.

"மத்தியானத்துல மட்டும் அண்ணன அங்க படுக்க வெக்கலாம்மா. கட்டிலோட தூக்கினு போயிடலாம். நானும் ரெண்டு பசங்களும் இருக்குறோம். இந்த ரூமு அடுப்பு மாதிரி இருக்குது."

முனுசாமிக்குத் தன்னைத் தெருவில் தூக்கிக்கொண்டு போவதில் விருப்பமில்லை. அவர் மகளைப் பார்த்தார்.

"வேணாம் சித்தப்பா. வெளியில நாப்பத்தொண்ணு இருக்குறப்ப உள்ள முப்பத்தெட்டுதான் வருது. அப்பா எழுதினதே இருக்குது. தூக்கினு போறப்பதான் வெயில் படும்."

ஜான்சன் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், படித்த பிள்ளை சொல்கிறது. முனுசாமியும், பாப்பா சொல்றது சரிதான்பா, ஃபேன் ஓடுது, எனக்கு சூடு ஒண்ணும் தெரியல என்றார். பூவம்மாள் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் அக்னி நட்சத்திரம் தொடங்கிய நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. ஒரு மணிக்கு மரியம்மாள் சோறு கொண்டு போனாள். முனுசாமி இரண்டு வாய்தான் சாப்பிட்டார், மோர் குடித்தார். தலை வலிக்கிறது என்றார். ஐந்து மணிக்கு அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தாள். வேர்வையே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது. ஜான்சன் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே காய்ச்சல் நூற்றாறு என்றார்கள். ஐஸ் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். சிம்ரன் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வெயிலாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் படுத்தே கிடக்கிறவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறுவதும் உண்டு, அதுவாகவும் இருக்கலாம் என்றார். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று பூவம்மாள் சொல்லிவிட்டாள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன மறுநாள், சிம்ரன் முதல் தடவையாக ஒரு முழுப் பகலும் அந்த அறையில் தனியாக இருந்தாள். நடுவில் கோடை மழை பெய்து வெயில் தணிந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தவள் சுட்டு விலகினாள். நிமிர்ந்தபோது வெப்பமானி தெரிந்தது. நாற்பத்தொன்றரை. எதிரே சுவரில் ஒட்டியிருந்த தாளில் அந்த நேரத்துக்கு முப்பத்தெட்டு. போனில் பார்த்தாள், வெளியே முப்பத்தெட்டரைதான்.

வெப்பமானி கெட்டுவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தாள். கடையில் ஐஸ் வாங்கி வந்து நுணுக்கி, தண்ணீரோடு ஒரு டம்ளரில் போட்டு, வெப்பமானியை அதில் வைத்தாள். மெதுவாக இறங்கி இறங்கிச் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

எட்டு மணிக்குப் பூவம்மாள் வந்தபோது சிம்ரன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா இதை எப்படி எழுதினார் என்று கேட்டாள். பூவம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ அன்னிக்கு வேஸ்ட்டுன்னு சொன்ன பாரு. அதுலருந்து அந்தத் தாளப் பாத்துத்தாம்மா எழுதினாரு. மெஷினு ஜாஸ்தியாத்தான் காட்டுது, ஆனா பாப்பா படிச்ச பொண்ணு, எனக்குத்தான் கண்ணு சரியில்ல போலன்னாரு. அப்படியே எழுதினா நீ கண்டுபிடிச்சிடுவன்னு அரை அரையா மாத்தி மாத்தி எழுதுவாரு. பாப்பா மனசு நோவக்கூடாது, பாஸாயிடட்டும், அதுங்கிட்ட சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

சிம்ரன் அழவில்லை. அன்றைக்கே லேப்டாப்பைச் சுவரில் செருகி மேற்குச் சுவரைக் கணக்கில் சேர்த்தாள். நாலரை அங்குலச் செங்கல், வெளிப்பூச்சு இல்லை, பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக விழுகிறது. மொத்தம் பதினெட்டு வரி. கூரைக்கு எழுதினதையே திருப்பி எழுத வேண்டும், அவ்வளவுதான். மார்ச் மாதத்துக்கு ஓட்டினாள். அப்பாவின் முதல் பத்து நாள் எண்கள் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தன. நான்கு மணிக்கு நாற்பது. அவர் ஒரு நாள்கூடத் தப்பாகப் பார்க்கவில்லை. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையின் வானிலையைப் போட்டு ஓட்டினாள். நாலரை மணிக்கு நாற்பத்து நான்கு வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுவாரம் சென்னைக்குப் போய்ச் சுகாசினி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சுவரை விடச் சொன்னது நான்தானே என்றார். பிறகு, ஆய்வேடு அச்சாகி பைண்டிங்குக்குப் போய்விட்டது, நீ இருக்கிற நிலையில் யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள், அப்படியே கொடுத்துவிடலாம் என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சிம்ரன் முடியாது என்றாள். நான்கு நாளில் சுவரையும் சேர்த்து ஆய்வேட்டைத் திருப்பி எழுதினாள். முதல் பத்து நாள் அளவுகளை மட்டும் வைத்தாள். மற்ற முப்பத்தைந்து நாளையும் எடுத்துவிட்டு, இவை நம்பத்தக்கவை அல்ல என்று ஒரு வரி எழுதினாள். ஏன் என்று எழுதவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"முப்பத்தஞ்சு நாள் டேட்டாவத் தூக்கிட்டீங்க. கணக்குக்கு ஒத்துவர்றத மட்டும் வெச்சுக்கறது தப்பில்லையா? அளவு எடுத்தது யாரு?"

"எங்க அப்பா சார்."

"அவருக்கு இதுல பயிற்சி உண்டா? தப்பா எடுத்திருக்கலாம் இல்ல?"

மேடம் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிம்ரன் அதற்குள் சொல்லிவிட்டாள்.

"அவரு சரியாத்தான் சார் எடுத்தாரு. நான்தான் தப்புன்னு சொன்னேன். அதனால மாத்தி எழுதினாரு."

அப்படியானால் அவரையே கூப்பிட்டு மறுபடி அளவு எடுத்திருக்கலாமே என்றார் பேராசிரியர். அவர் இறந்துவிட்டார் சார் என்றாள். பேராசிரியர் ஆய்வேட்டை மூடினார். மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. அளவுகள் போதாது என்று குறிப்பு எழுதி, தேறுகிற அளவுக்கு மதிப்பெண் போட்டார். அவர் போட்டதில் தப்பு இல்லை.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சிம்ரன் போகவில்லை. மேடம் இரண்டு தடவை போன் பண்ணினார். மூன்றாவது தடவை இவள் எடுக்கவில்லை. அந்த ஆடியில் ஜான்சன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், கூரை மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டி மேற்குச் சுவரையும் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் இவளிடம் அதிகம் பேசுவதில்லை. கோபமா, இல்லை பேச என்ன இருக்கிறது என்ற எண்ணமா, அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது சிம்ரன் ஊரிலேயே ஒரு பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறாள். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்துவது, கேள்விகளைத் தட்டச்சு செய்வது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். லேப்டாப் பீரோவின் மேல் கிடக்கிறது. அவள் அதைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன கோடையில் ஊரே வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம் இவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவம்மாளுக்கு விடுமுறை. இரண்டு பேரும் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூவம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ அந்தச் செவுத்த மொதல்லயே சேத்திருந்தா, அவரு இருந்திருப்பாரா?"

இந்தக் கேள்வி வரும் என்று சிம்ரன் இவ்வளவு நாளும் காத்திருந்தாள். பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டதும் உண்டு. டாக்டர் இரண்டு காரணம் சொன்னார். எது என்று யாரும் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

"தெரியலமா" என்றாள்.

பூவம்மாள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "சத்தியத்த மீறி நான் உங்கிட்ட சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

அதற்கும் சிம்ரன் தெரியலமா என்றுதான் சொன்னாள். பூவம்மாள் மீதிச் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.